தேய்ந்த லேத்தில் எதைத் தொடுவது, எதை விடுவது: ஒரு பழுதுபார்ப்பின் முழு விவரம்

கோவை கணபதிப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் நிற்கும் 6 அடி லேத் (கடைசல் மெஷின்) பற்றியது இந்த ஆய்வு. கோன் புல்லி, தட்டை பெல்ட், ஜாபை (கடையும் பொருளை) சுற்றும் ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கில் பால் பேரிங்குக்குப் பதில் இரண்டாகப் பிளந்த கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ். கியர் பாக்ஸ் கிடையாது. மரை போட வேண்டுமானால் சேஞ்ச் கியர்களைக் கையால் மாட்ட வேண்டும். பெயர்த்தகட்டின் மேல் பெயிண்ட் ஏறி ஏறி எழுத்து மறைந்துவிட்டது. பாடாலா, லூதியானா, ராஜ்கோட், கோவை என்று பல ஊர்களில் இதே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்தார்கள், அதனால் எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாவிட்டாலும் வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. மோட்டார் ஷாஃப்ட், பம்பு புஷ், கப்ளிங், ஃபிளாஞ்ச் என்று வருகிற வேலையையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டறைக்காரர் சொன்ன குறைகள் மூன்று. 500 மி.மீ. நீளமுள்ள 40 மி.மீ. ஷாஃப்டை இரண்டு சென்டருக்கு நடுவே கடைந்தால், சக் பக்கம் (ஹெட்ஸ்டாக் பக்கம்) 0.16 மி.மீ. பெருத்து வருகிறது. ஜாபை அறுத்துத் துண்டிக்கும் பார்ட்டிங் டூலை வைத்தால் சேட்டர் (அதிர்வு) எடுத்து டூல் ஒடிகிறது, கன்மெட்டலில் இன்னும் மோசம். மரை வெட்டும்போது, டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ என்ற நீள மரைக் கம்பியைக் கவ்வும் ஹாஃப் நட் சில நேரம் தானாகவே விட்டுவிடுகிறது. சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பெட்டைக் கழட்டி கிரைண்டிங்குக்கு அனுப்பிட்டா எல்லாம் சரியாயிருமுங்களா?"

பழைய லேத் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எல்லாப் பாகத்தையும் தாங்கும் பெட்தான் லேத்தின் முதுகெலும்பு, அதனால் எல்லா நோயும் அங்கேதான் என்று நினைப்பு. ஆனால் மேலே சொன்ன மூன்று குறைகளில் இரண்டுக்கும் பெட்டுக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. முதல் குறைக்குக்கூட பெட் பாதிக்குச் சற்று மேல்தான் காரணம். அளந்து பார்க்காமல் அனுப்பியிருந்தால் பெரிய செலவு ஆகியிருக்கும், பார்ட்டிங் டூல் அப்போதும் ஒடிந்திருக்கும்.

ஒரு ஸ்பேனரும் எடுக்காமல் பார்த்தவை

லேத்தைக் கழற்றுவதற்கு முன்பே முக்கால்வாசி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். கழற்றிய பின் பாகங்கள் மேசையில் கிடக்கும்போது எது எதோடு எப்படி ஆடியது என்று தெரியாது. அதனால் முதலில் டயல் கேஜும் லெவலும்தான்.

லெவல் என்றால் கொத்தனார் லெவல் இல்லை. ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் துல்லிய லெவல். அதைப் பெட்டில் சேடில் (டூலைச் சுமந்து ஓடும் பாகம்) ஓடாத உள்வழிகளின் மேல் குறுக்காக வைத்து, சக் பக்கம் ஒருமுறை, அங்கிருந்து 900 மி.மீ. தள்ளி ஒருமுறை படித்தோம். இரண்டுக்கும் 10 கோடு வித்தியாசம். அதாவது பெட் மீட்டருக்கு 0.2 மி.மீ. கணக்கில் முறுக்கிக்கொண்டு நின்றது. டெயில்ஸ்டாக் (ஜாபின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) பக்கக் காலின் கீழ் வைத்திருந்த பேக்கிங் தகடுகளில் ஒன்று எண்ணெயில் ஊறி நழுவி, காலுக்கு வெளியே கிடந்தது.

முறுக்கு என்பது தேய்மானம் இல்லை. பெட் முறுக்கினால் டூல் முனை, பெட்டிலிருந்து சென்டர் உயரம் எவ்வளவோ அவ்வளவு நெம்பு நீளத்தில் முன்னும் பின்னும் போகும். இந்த லேத்தில் அந்த உயரம் 165 மி.மீ. 900 மி.மீ. தூரத்தில் மீட்டருக்கு 0.2 மி.மீ. முறுக்கு இருந்தால், 500 மி.மீ. ஷாஃப்டில் அதன் பங்கு விட்டத்தில் ஏறக்குறைய 0.037 மி.மீ. தகடுகளைச் சரியாக அடுக்கி, ஃபவுண்டேஷன் போல்ட்டை மெதுவாக இறுக்கி, லெவல் இரண்டு முனையிலும் ஒரே கோட்டைக் காட்டும்வரை விட்டோம். பிறகு டெயில்ஸ்டாக்கையும் பக்கவாட்டில் டயல் வைத்து நேர்ப்படுத்தினோம். அது கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது.

மறுபடி அதே ஷாஃப்டைக் கடைந்து, 50 மி.மீ.க்கு ஓர் இடம் வீதம் மைக்ரோமீட்டரில் அளந்தபோது 0.16 என்பது 0.09 ஆகியிருந்தது. குறைந்த அளவை விட, மிச்சம் இருந்த 0.09 எப்படிப் பரவியிருந்தது என்பதுதான் உதவியது. முறுக்கும் டெயில்ஸ்டாக் தள்ளலும் ஒரே சீரான சரிவாக வரும், வரைபடத்தில் நேர்க்கோடு போல. தேய்மானம் அப்படி வராது, வளைந்து வரும். மிச்சமிருந்தது வளைவுதான். சக்கிலிருந்து 150 மி.மீ. வரை பெருத்து, பிறகு மெல்ல இறங்கி, 350 மி.மீ.க்கு மேல் சீராகிவிட்டது. எந்த லேத்தை வாங்கப் போனாலும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது. விற்பவர் சோதிக்க விடமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில்.

பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது

சேடில் பெட்டின் வெளிப்பக்க வழிகளில் (தண்டவாளம் போன்ற சறுக்குப் பரப்புகளில்) ஓடுகிறது: முன்னால் தலைகீழ் வி, பின்னால் தட்டை. டெயில்ஸ்டாக் உட்பக்க வழிகளில் நிற்கிறது. ஹெட்ஸ்டாக் பக்கம் அந்த உள்வழிகளில் டெயில்ஸ்டாக் போவதே இல்லை, அதனால் தேயவும் இல்லை. இதுதான் பழைய லேத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் அளவுகோல். உள்வழிகளின் மேல் ஓடும் ஒரு சின்ன சறுக்குக் கட்டையில் டயலை மாட்டி, வெளிவழிகளை நீள்போக்கில் படித்தோம். முன் வி அதிகபட்சம் 0.11 மி.மீ. இறங்கியிருந்தது, பின் தட்டை 0.05 மி.மீ.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போடத்தான் வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழிதவறுகிறார்கள்.

டூல் நேராகக் கீழே இறங்கினால் விட்டம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. 40 மி.மீ. ஷாஃப்டில் டூல் 0.1 மி.மீ. இறங்கினால் விட்டத்தில் வரும் மாற்றம் 0.0005 மி.மீ. மைக்ரோமீட்டரில் தெரியாது. அதனால் இரண்டு வழியும் ஒரே அளவு தேய்ந்திருந்தால், பெட் பார்க்க அசிங்கமாக இருக்கலாம், ஜாபுக்குத் தெரியாது. கெடுப்பது முன்வழிக்கும் பின்வழிக்கும் உள்ள வித்தியாசம். இங்கே அது 0.06 மி.மீ. முன்பக்கம் அதிகம் இறங்கினால் சேடில் நம் பக்கம் சாயும், டூல் முனை ஜாபை விட்டு விலகும். வழிகளுக்கு நடுவே 220 மி.மீ., உயரம் 165 மி.மீ.; 0.06-ஐ 165-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தால் 0.045. விட்டத்தில் இரட்டிப்பாகி 0.09. ஷாஃப்டில் அளந்ததும் அதே 0.09. கணக்கும் ஜாபும் இப்படிப் பொருந்தினால் நோயை முழுசாகப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். பொருந்தாவிட்டால் கழற்றத் தொடங்கக்கூடாது, எங்கேயோ இன்னொரு குறை மறைந்திருக்கிறது.

சரி, பெட்டை என்ன செய்வது? வழி கிரைண்டிங் மெஷினுக்கு அனுப்பி 0.15 மி.மீ. சீவலாம். ஆனால் சீவிய அளவு சேடில் இறங்கும், கூடவே அதன் முன்னால் தொங்கும் ஏப்ரன் இறங்கும், லீட் ஸ்க்ரூவும் ரேக்கும் (பெட்டில் உள்ள பற்சட்டம்) அதோடு சேர்ந்து வராது. அதைச் சரிக்கட்ட சேடிலின் அடியில் டர்சைட் போன்ற வழுக்கும் பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி உயர்த்த வேண்டும், ஒட்டுவதற்கு முன் சேடிலை மில்லிங் செய்ய வேண்டும். ஹெட்ஸ்டாக்கை இறக்கி ஏற்றினால் ஸ்பிண்டில் மறுபடி பெட்டுக்கு இணையாக உட்கார வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டிய வேலை.

பட்டறைக்காரரிடம் கேட்டோம்: வருகிற வேலையில் 300 மி.மீ.க்கு மேல் நீளமுள்ள ஷாஃப்ட் எவ்வளவு? குறைவுதான் என்றார். பெரும்பாலும் புஷ், கப்ளிங், ஃபிளாஞ்ச். எல்லாம் 80 மி.மீ. நீளத்துக்குள். அந்த நீளத்துக்குள் பெட்டின் வளைவு தரும் பிழை 0.01 மி.மீ. அளவுதான். அவர் கேட்கும் துல்லியத்துக்கு அது போதும். அதனால் பெட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். இந்த முடிவை ஒத்துக்கொள்ளாத ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: தேய்ந்த பெட்டின் மேல் புதுசாகப் பொருத்திய சேடில், குழியின் மேல் போகும்போது முனைகளில் மட்டும் உட்காரும், அழுத்தம் கூடி சீக்கிரம் தேயும். உண்மைதான். ஆனால் பட்டறை ஒரு மாதம் மூடிக்கிடக்க முடியாது என்பதும் உண்மை.

ஹெட்ஸ்டாக்

பார்ட்டிங் சேட்டருக்கு முதல் சந்தேகம் ஸ்பிண்டில் பேரிங் மேல் விழுந்தது. ஸ்பிண்டில் மூக்கின் மேல் டயலை வைத்து, சக்கில் ஒரு பைப்பைப் பிடித்து, மேலே நெம்பிப் பார்த்தால் 0.12 மி.மீ. ஏறி இறங்கியது. இந்த அளவு புஷ்ஷுக்கு 0.03 பக்கம் இருந்தால் போதும்.

பிளந்த புஷ்ஷின் அழகே இதுதான்: இறுக்குவதற்கென்றே இடைவெளியில் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) அடுக்கி வைத்திருப்பார்கள். மூடியைக் கழற்றி, ஜர்னலின் (புஷ்ஷுக்குள் சுழலும் ஸ்பிண்டில் பகுதியின்) மேல் மெல்லிய ஈயக் கம்பியை வைத்து, மூடியை இறுக்கி, மறுபடி திறந்து நசுங்கிய கம்பியை அளந்தால் உள்ளே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். அதற்கேற்ற ஷிம்மை இரண்டு பக்கமும் சமமாக எடுத்தோம். ஷிம்மை எடுத்தால் புஷ்ஷின் துளை வட்டமாக இருக்காது, லேசாக முட்டை வடிவம் எடுக்கும். அதனால் ஜர்னலில் ப்ளூ (ஒட்டும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி, புஷ்ஷில் ஒட்டும் இடங்களை அரை வட்ட ஸ்கிரேப்பரால் சுரண்டி, ஒட்டு பரவலாகும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம். ஜர்னல் நன்றாக இருந்தது. லேசான கோடுகள்தான், பள்ளம் இல்லை. ஜர்னல் கெட்டிருந்தால் இந்தக் கதையே வேறு.

இறுக்கிய பிறகு முக்கியமான சோதனை சூடு. மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மூடியின் மேல் கை வைத்தால், கை வைத்தபடியே இருக்க முடிய வேண்டும். முடியாமல் எடுத்துவிட்டால் ஒரு ஷிம்மைத் திரும்ப வைக்க வேண்டும். இங்கே வெதுவெதுப்போடு நின்றது. மறுபடி நெம்பிப் பார்த்தபோது 0.03.

ஆனால் சேட்டர் பாதிதான் குறைந்தது. கடைந்த மேற்பரப்பில் சீரான இடைவெளியில் மெல்லிய வரிகளும் வந்தன. அவை பேரிங் வேலை இல்லை. பெட்டின் மேலிருந்து கண்ணை எடுத்துக் கோன் புல்லியைப் பார்த்தால் போதும்: தட்டை பெல்ட்டின் கிளிப் மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் 'டக், டக்' என்று புல்லியில் அடித்துக்கொண்டிருந்தது. மூட்டைச் சாய்வாகச் சீவி ஒட்டிய பெல்ட் போட்டதும் வரி மறைந்துவிட்டது. லேத்தில் வரும் கோடுகளுக்கெல்லாம் டூலையும் டர்னரையும் திட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு.

கிராஸ் ஸ்லைடு: உண்மையான வில்லன்

டூலைக் குறுக்காக ஜாபுக்குள் நகர்த்துவது கிராஸ் ஸ்லைடு. அதன் டயலில் 100 கோடு, ஸ்க்ரூவின் பிட்ச் 5 மி.மீ.; ஒரு கோடு 0.05 மி.மீ. கைப்பிடியைத் திருப்பினால் 30 கோடு போன பிறகுதான் ஸ்லைடு நகரத் தொடங்கியது. 1.5 மி.மீ. ஆட்டம்.

ஆட்டம் இருப்பதாலேயே ஜாப் அளவு தப்பாது. எந்த டர்னரும் ஒரே திசையிலிருந்து வந்து ஆட்டத்தை எடுத்துவிட்டுத்தான் அளவு வைப்பார். ஆட்டம் உண்மையில் கொல்லுவது பார்ட்டிங்கில். டூல் உலோகத்துக்குள் போகும்போது, குறிப்பாகக் கன்மெட்டலிலும் பித்தளையிலும், ஜாப் டூலைத் தன் பக்கம் இழுக்கும். ஸ்க்ரூ பிடித்து நிறுத்த வேண்டும். நட்டில் 1.5 மி.மீ. காலி இடம் இருந்தால் ஸ்லைடு அந்த இடம் முழுக்க ஒரே தாவாகத் தாவும். டூல் ஒடிவது அப்போதுதான். பட்டறையில் டூல் வாங்கிப் போட்ட காசைக் கூட்டினால் ஸ்க்ரூவும் நட்டும் எப்போதோ செய்திருக்கலாம் என்று தோன்றியது.

1.5 மி.மீ. முழுவதும் நட்டில் இல்லை. கைப்பிடிக்குப் பின்னால் உள்ள காலரில் டயல் வைத்து இழுத்துத் தள்ளிப் பார்த்தால் அங்கேயே 0.4 மி.மீ. அது ஒரு கடினமான வாஷர் செய்து போட்டாலே போகிற வேலை. மிச்சம் 1.1 மி.மீ. ஸ்க்ரூவிலும் நட்டிலும் சேர்ந்து இருந்தது. பழைய ஸ்க்ரூ சதுர மரை. நடுப்பகுதி மெலிந்து, இரண்டு முனையும் தடிப்பாக இருந்தது. இப்படிப்பட்ட ஸ்க்ரூவுக்குப் புது நட் மட்டும் போட்டால் நடுவில் ஆடும், முனையில் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

புதிய ஸ்க்ரூவுக்கு இ.என்.8 எஃகுக் கம்பி, 22 மி.மீ. விட்டம், 5 பிட்ச், இடது மரை. இடது மரை என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் சில நேரம் கவனிப்பதில்லை. ஸ்க்ரூ தன் இடத்திலேயே சுற்றுகிறது, நட்தான் நகர்கிறது. கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால் டூல் ஜாபுக்குள் போக வேண்டும் என்றால் மரை இடதாகத்தான் இருக்க முடியும். வலது மரையில் செய்துவிட்டால் கைப்பிடி எதிர்த்திசையில் வேலை செய்யும், டர்னருக்குக் கை பழகவே பழகாது.

சதுர மரைக்குப் பதில் டிரபிசாய்டல் மரை வெட்டினோம். 22-க்கு 5 என்பது அதில் நிலையான அளவு. சதுர மரைக்கு டேப் (நட்டுக்குள் மரை வெட்டும் கருவி) செய்வது தலைவலி, இதற்குச் சாய்வு இருப்பதால் டேப் எளிதாகப் போகும். ஸ்க்ரூவை இந்த லேத்திலேயே வெட்ட முடியாது. கிராஸ் ஸ்லைடு கழன்று கிடக்கிறது, லீட் ஸ்க்ரூவும் தேய்ந்திருக்கிறது. இரண்டு பட்டறை தள்ளி உள்ள நல்ல லேத்தில், கம்பி வளையாமல் தாங்கும் ஃபாலோ ரெஸ்ட் மாட்டி வெட்டினோம். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இந்த மாதிரி உதவி சகஜம். இன்று அவர் லேத், நாளை நம் டிரில்லிங் மெஷின். ஸ்க்ரூ வெட்டிய அதே கியர் செட்டிங்கில் இ.என்.31 கம்பியிலும் கொஞ்சம் நீளம் மரை வெட்டி, முன்பக்கம் டேப்பராகக் கடைந்து, நாலு பள்ளம் எடுத்து, சிவக்கச் சுட்டு எண்ணெயில் தோய்த்து, பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை மறுபடி சூடாக்கினோம். அதுதான் நட்டுக்கான டேப்.

நட், கன்மெட்டல் வார்ப்பு. கோவையில் மாதிரி கொடுத்தால் சின்ன ஃபவுண்டரிகளில் வார்த்துக் கொடுத்துவிடுவார்கள், அது இந்த ஊரின் பாக்கியம். 17 மி.மீ. துளை போட்டு டேப்பை இறக்கினோம். நட்டின் குறுக்கே ஒரு ஆழமான வெட்டு விட்டு, மேலிருந்து ஒரு ஸ்க்ரூவால் அந்த வெட்டை நெருக்கும்படி செய்தோம். நாளை தேய்ந்தால் ஒரு ஆலன் கீ போதும். பழைய நட்டில் இந்த வசதி இல்லை.

ஸ்லைடின் டவ்டெயிலும் (சாய்வான சறுக்குப் பள்ளம்) தேய்ந்திருந்தது. ஜிப்பை (ஆட்டத்தை எடுக்கும் பட்டையை) நடுவில் சரியாக இறுக்கினால் முனைகளில் ஸ்லைடு பிடித்துக்கொள்ளும். முனைகளில் விட்டால் நடுவில் ஆடும். ஜிப்பை எவ்வளவு திருகினாலும் இது தீராது. ஸ்லைடின் அடிப்பகுதியைக் கருங்கல் சர்ஃபேஸ் பிளேட்டில் ப்ளூ பார்த்துச் சுரண்டி, தட்டையானதும் அதையே அளவுகோலாக்கிச் சேடில் மேல்பகுதியைச் சுரண்டினோம். பழைய அரத்தை அரைத்துச் செய்த ஸ்கிரேப்பர்தான். ஒவ்வொரு சுற்றிலும் சில மைக்ரான் மட்டுமே போகும். சதுர அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஒட்டும்வரை செய்தால் நகரும் பரப்புக்குப் போதும். அதற்கு மேல் சுரண்டுவது பார்க்க அழகுதான். கடைசியில் ஜிப்பின் பின்னால் ஒரு பித்தளைத் தகடு வைத்து தடிமனைச் சரிசெய்தோம்.

சேடிலும் சதுரமும்

சேடிலின் அடியில் உள்ள வி பள்ளம், பெட் எங்கே குழியோ அதற்கேற்பக் கப்பல் அடி போல வளைந்திருந்தது. பெட்டின் தேயாத வலப்பக்கத்தில் சேடிலை வைத்து ப்ளூ பார்த்தால் நடுவில் மட்டும் ஒட்டு. இரண்டு முனையும் காற்றில். நடுவைச் சுரண்டிச் சுரண்டி முனைகளை இறக்கினோம்.

இதைச் செய்யும்போதே இன்னொரு விஷயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: கிராஸ் ஸ்லைடு ஸ்பிண்டிலுக்குச் சதுரமாக இருக்கிறதா? ஹெட்ஸ்டாக்கை முதலில் முடித்ததன் காரணம் இதுதான். ஸ்பிண்டில் ஆடினால் சதுரம் எதற்கு எதிராகப் பார்ப்பது? 200 மி.மீ. வட்டத் தகட்டை ஃபேஸ் செய்து (முகத்தைத் தட்டையாகக் கடைந்து), டயலைக் கிராஸ் ஸ்லைடிலேயே மாட்டி, மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் வரை ஓட்டினோம். நம் பக்கம் டயல் அசையாது, ஏனென்றால் அதே வழியில்தானே கடைந்தோம். எதிர்ப்பக்கத்தில் பிழை இரட்டிப்பாகத் தெரியும். முதலில் தகடு நடுவில் மேடாக வந்தது. மேடான ஃபேஸ் எந்த ஃபிளாஞ்சுக்கும் ஆகாது. நடு முட்டிக்கொண்டு விளிம்பு திறந்திருக்கும். லேசாகக் குழியாக வரலாம், மேடாக மட்டும் வரக்கூடாது. வி பள்ளத்தின் எதிரெதிர் மூலைகளைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரண்டி சேடிலைத் திருப்பியதும் 0.015 மி.மீ. குழியாக வந்து நின்றது.

லீட் ஸ்க்ரூவும் ஹாஃப் நட்டும்

சேடில் மொத்தம் 0.3 மி.மீ. இறங்கியிருந்தது. அதில் பெட்டின் பங்கு கொஞ்சம்; பெரும்பகுதி சேடிலின் சொந்தத் தேய்மானமும் நாம் சுரண்டியதும். ஏப்ரனும் அதே அளவு இறங்கிவிட்டதால், ஹாஃப் நட்டை மூடும்போதெல்லாம் அது லீட் ஸ்க்ரூவைக் கீழே அழுத்திக்கொண்டே பிடித்தது. ஹெட்ஸ்டாக் அருகில் ஸ்க்ரூ வளைந்து கொடுக்காது, அதனால் நட்தான் தேய்ந்திருக்கிறது. ஏப்ரனும் சேடிலும் சேரும் முகத்தை 0.3 மி.மீ. சீவி ஏப்ரனை உயர்த்தலாம். அதை விட எளிதாக, லீட் ஸ்க்ரூவின் இரண்டு பிராக்கெட்டுகளையும் 0.3 மி.மீ. இறக்கி, புதிதாக டவல் பின் (இடம் மாறாமல் நிறுத்தும் பின்) அடித்தோம். கியர் பாக்ஸ் இல்லாத லேத் என்பதால் இது முடிந்தது. இருந்திருந்தால் முடியாது.

தேய்மானம் நட்டிலா ஸ்க்ரூவிலா என்று பிரிப்பது எளிது. ஹாஃப் நட்டை மூடிவிட்டு சேடிலைக் கையால் ஆட்டி டயலில் பார்த்தோம். டெயில்ஸ்டாக் கோடியில் 0.25 மி.மீ., சக் பக்கம் 0.9. கோடியில் ஸ்க்ரூ புதுசு மாதிரி, அதனால் 0.25 நட்டுக்குச் சேரும். மிச்ச 0.65 ஸ்க்ரூ.

நட் புதிதாகச் செய்தோம்; கன்மெட்டல்தான், முழுசாகத் துளையிட்டு மரை வெட்டி, பிறகு இரண்டாக அறுத்தது. ஹாஃப் நட்டை இயக்கும் கேம் தட்டின் பள்ளமும் தேய்ந்திருந்தது. தானாக விட்டுவிட்டதற்கு அதுவே பெரிய காரணம். பிரேஸிங்கில் உலோகம் ஏற்றி, அரத்தால் திரும்பச் செதுக்கினோம்.

ஸ்க்ரூவுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: முனை மாற்றிப் போடுவது. தேய்ந்த பகுதி டெயில்ஸ்டாக் கோடிக்குப் போய்விடும், அங்கே சேடில் போவது அரிது. வலது மரையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வலது மரையாகத்தான் இருக்கும், அதனால் பயமில்லை. கூடுதலாக ஒரு லாபமும் இருக்கிறது. மரை வெட்டும்போது ஸ்க்ரூ சேடிலை ஹெட்ஸ்டாக் பக்கம் தள்ளும், அந்தப் பக்கம் பார்த்த முகம் மட்டும்தான் தேயும். முனை மாற்றினால் தேயாத முகம் ஹெட்ஸ்டாக்கைப் பார்க்கும். சும்மா இருந்த முகம் இப்போது வேலைக்கு வருகிறது. இரண்டு முனையின் ஜர்னல்களும் வேறு வேறு அளவு என்பதுதான் இதில் இருக்கும் சிக்கல். ஒரு முனையை மெலிதாக்கி ஸ்லீவ் ஏற்றி பின் அடிக்க வேண்டும், சாவிப் பள்ளம் புதிதாக வெட்ட வேண்டும். கியர் பக்க ஜர்னல் ஏற்கெனவே ஓவலாகி எப்படியும் ஸ்லீவ் கேட்டதால் செய்தோம். இல்லையென்றால் விட்டிருப்போம்: 0.65 மி.மீ. தேய்மானம் 400 மி.மீ. நீளத்தில் பரவியிருக்கிறது, 30 மி.மீ. மரை போட்ட போல்ட்டில் அது 0.05 பக்கம்தான்.

ரேக்கும் இரண்டு துண்டாக இருந்ததால் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிப் போட்டோம். அதற்குத் துளைகூடப் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை. சேஞ்ச் கியர்களில் 127 பல் கியர் மட்டும் காணோம், யாரோ எடுத்துப்போயிருக்கிறார்கள். இந்த லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. அதில் மெட்ரிக் மரையைத் துல்லியமாக வெட்ட அந்தக் கியர் இல்லாமல் முடியாது, 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127 என்பதால். வார்ப்பிரும்பில் புதிதாக வெட்டி வாங்கினோம்.

டெயில்ஸ்டாக்

0.2 மி.மீ. தாழ்ந்திருந்தது. உடலுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஷிம். முடிந்தது.

ஓடவிட்ட பிறகு

500 மி.மீ. ஷாஃப்டில் இப்போது 0.07 மி.மீ. வருகிறது. சேடில் முழு நீளத்துக்கு உட்கார்ந்ததால் 0.09-லிருந்து குறைந்தது, பெட்டின் குழி அப்படியே இருப்பதால் அதற்குக் கீழே போகாது. நீள ஷாஃப்ட் வந்தால் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுப்பது என்று பட்டறைக்காரர் ஏற்றுக்கொண்டார். 60 மி.மீ. நீளப் புஷ்ஷில் இரண்டு முனைக்கும் வித்தியாசம் 0.01-க்குள். கிராஸ் ஸ்லைடு ஆட்டம் 3 கோடு, அதாவது 0.15 மி.மீ.; இன்னும் இறுக்கலாம், ஆனால் புது நட் ஓடி ஓடிக் கொஞ்சம் பதியட்டும் என்று விட்டோம். 50 மி.மீ. கன்மெட்டல் கம்பியில் 3 மி.மீ. பார்ட்டிங் டூல் நிற்காமல் மையம் வரை போகிறது.

இத்தனை தேய்மானத்துக்கும் ஆதியில் என்ன காரணம் என்று பார்த்தால், சேடிலின் இரண்டு பக்கமும் பெட்டைத் துடைக்க வேண்டிய ஃபெல்ட் துணிகள் கல் மாதிரி இறுகி, வார்ப்பிரும்புத் தூளைச் சேர்த்துவைத்துக் கொண்டிருந்தன. எண்ணெய்க்குப் பதில் மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். தூளும் அந்தக் கறுப்பு ஆயிலும் சேர்ந்தால் அரைக்கும் பசைதான். புது ஃபெல்ட் வெட்டிப் போட்டு, 68 கிரேடு ஸ்லைட் வே ஆயில் கேன் ஒன்றை ஹெட்ஸ்டாக்கின் மேலேயே வைத்துவிட்டு வந்தோம். வார்ப்பிரும்பு கடையும் நாட்களில் பெட்டின் மேல் ஒரு பழைய ரெக்ஸின் துண்டை விரித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். எமரி காகிதம் போடும்போதும் அப்படியே.

இனி கவனிக்க வேண்டியது சேடிலின் இடப்பக்க முனை. குழியின் மேல் அதிக நேரம் வேலை செய்யப்போவது அதுதான், அதனால் முதலில் தேயப்போவதும் அதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 200 மி.மீ. தகட்டை ஃபேஸ் செய்து டயலை எதிர்ப்பக்கம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 0.015 குழி என்பது தட்டையாகி, மேடாகத் தொடங்கினால் மறுபடி ப்ளூவும் ஸ்கிரேப்பரும் வேண்டும். பெட் கிரைண்டிங் பற்றிய பேச்சையும் அப்போது எடுக்கலாம்.